மடப்பள்ளிக்குப் பின்னால வாரின மண்ணு

 

போன ஞாயிறு கோவில் துப்புரவுக்கு வந்தவங்க எல்லாருக்கும் நன்றி. அந்தக் குளிர்லயும் காலையில ஏழு மணிக்கே பதினாலு பேர் வந்துட்டீங்க. மடப்பள்ளிக்குப் பின்னால இருக்கிற வாய்க்காலை முதல்ல எடுத்தோம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு நெனச்சா, மதியம் வரைக்கும் இழுத்துடுச்சு. குப்பையில்ல, இலையில்ல, எல்லாம் செம்மண்ணு. முப்பது சாக்கு வாரினோம்.

அது எங்கேயிருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். டீ குடிக்கும்போதுதான் பேச்சு வந்துச்சு.

இந்த மலையில காட்டை வெட்டினவங்கள்ல நம்ம தாத்தாமாரும் உண்டு. 1929-ல போ தோட்டம் தொடங்கினாங்க. ஆனா தேயிலை ஒருதடவை வேர் பிடிச்சா வருசக்கணக்கா மண்ணை விடாது. காய்கறி நிலம் அப்படியில்ல. அறுவடைக்கு அறுவடை மண்ணைக் கிளறணும். பிளாஸ்டிக் கூடாரத்து மேல விழுற மழை பூமிக்குள்ள இறங்காம அப்படியே சரிவுல ஓடுது. ஓடுற தண்ணி மண்ணையும் இழுத்துக்கிட்டு நம்ம ஊர் வழியாப் போற பெர்தாம் ஆத்துல கலந்து, ரிங்லெட் நீர்த்தேக்கத்துல போய்ப் படியுது. 1963-ல கட்டி முடிச்ச சுல்தான் அபு பக்கார் அணை அங்கதான் இருக்கு. மின்சாரத்துக்காகக் கட்டினது. சேறு நிறைஞ்சா தண்ணி நிக்க இடமேது? பெரிய மழைக்குக் கதவைத் திறந்துதான் ஆகணும்.

2013 அக்டோபர் 23, நடுராத்திரி. பெர்தாம் வேலியில என்ன ஆச்சுன்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். தூங்கிக்கிட்டு இருந்தவங்க வீட்டுக்குள்ள ஆறு புகுந்துச்சு. உயிர் போச்சு, வீடு போச்சு. மறுநாள் நம்ம மடப்பள்ளியில கிண்டின உப்புமாவைத் தூக்கிக்கிட்டுப் போனவங்க இன்னும் குழுவுல இருக்கோம். அடுத்த வருசம் நவம்பர்லயும் மறுபடி சேத்து வெள்ளம். அதுக்கப்புறம்தான் அதிகாரிங்க இயந்திரத்தோட வந்து, அனுமதியில்லாத தோட்டங்களை இடிச்சாங்க.

இதையெல்லாம் பேசிக்கிட்டு இருந்தப்போ, நம்ம அன்னதானத்துக்கு முட்டைக்கோசும் தக்காளியும் குடுக்கிற அண்ணன் கிளாஸைக் கீழ வெச்சாரு. "ஏன்பா, சுத்தி வளைச்சு எங்களத்தானே சொல்றீங்க? வருசா வருசம் பெர்மிட்டுக்கு நடையா நடக்கிறவன் நான். அடுத்த வருசம் அந்த நிலம் என் கையில இருக்குமான்னே தெரியாது. அதுல காசு போட்டுத் தடுப்புச்சுவர் கட்டச் சொல்றீங்களா? மலையைச் சீவி ஹோட்டல் கட்டுறவனைப் போய்க் கேளுங்க."

எங்களால உடனே பதில் சொல்ல முடியல. அவர் சொன்னதுல பாதிக்கு மேல நியாயம். டி.ஓ.எல். உரிமம் தற்காலிகமானது. அதை நம்பி யாரும் இருபது வருசத்துக்கு மரம் நடமாட்டாங்க. 2019 ஜனவரி இடைத்தேர்தல்ல இந்த மலைக்கு வராத தலைவர் இல்ல. ஓட்டு வேணும்ங்கிறப்போ நிலம் தர்றோம்பாங்க, வெள்ளம் வந்தா விவசாயிதான் குத்தவாளி. ஆனா அண்ணன்கிட்டயும் ஒண்ணு சொன்னோம்: கீழ இருக்கிறவனுக்கு உங்க பெர்மிட் கதை தெரியாது, சேறு மட்டும்தான் வரும். காட்டு ஆத்துத் தண்ணியை நம்பி வாழுற ஓராங் அஸ்லி மக்களுக்கும் அதே கதிதான். அவர் பேசாம எழுந்து போயிட்டாரு. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. (புதன்கிழமை வழக்கம்போல கோசு மூட்டை வந்துடுச்சு. கூட ஒரு வார்த்தையும் வரல.)

இப்போ நம்ம விசயம். தைப்பூசத்துக்குக் கார் நிறுத்த இடமில்லைன்னு, பின்பக்கச் சரிவை வெட்டிச் சமப்படுத்த நிர்வாகத்துல ஒரு யோசனை இருக்கு. நன்கொடைக்கும் ஆள் ரெடி. அண்ணன் அன்னைக்கு இதைச் சொல்லிக் காட்டியிருந்தா, எங்க மூஞ்சியை எங்க வெச்சிருப்போம்?

தொண்டர்கள் சார்பா நாங்க எழுத்துல எதிர்ப்புக் குடுத்திருக்கோம். பதிலா, திருவிழா நாள்ல பசார் பக்கம் காரை நிறுத்திட்டு வேன்ல ஏத்திக்கிட்டு வரலாம்னு கேட்டிருக்கோம். வேன் வாடகை கூடுதலாகும், வயசானவங்களுக்குச் சிரமம்னு பெரியவங்க சொல்றதும் உண்மைதான். அதுக்கு வழி தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க.

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். அண்ணனையும் நேர்ல போய்க் கூப்பிட்டிருக்கோம். அதுக்கு முன்னாடி, எட்டு மணிக்கு மிச்ச வாய்க்கால். மண்வெட்டி இருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்க, கோவில்ல ரெண்டுதான் இருக்கு.