பாட்டனாரின் புரோநோட்டுக் கட்டு

கோடைக்கானலுக்கு வெயிலுக்குப் பயந்து போகிறவர்கள் உண்டு. ஏரியில் படகு விடப் போகிறவர்களும் உண்டு. ஒரு கையெழுத்தைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்தே மூன்று நாளைக் கழித்தவர்கள் நம்மைத் தவிர வேறு யாரும் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. 2025-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், இ-பாஸ் என்கிற அனுமதிச் சீட்டை முறைப்படி பெற்றுக்கொண்டு, வத்தலக்குண்டிலிருந்து மலையேறினோம். அங்கே வசிக்கும் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் நம்முடைய பால்ய சிநேகிதர். மறுநாள் காலை நாம் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஏழை நாடுகளின் கடனை ரத்துச் செய்ய வேண்டுமென்று விண்ணப்பம். ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

விஷயம் இதுதான். விவிலியத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை 'யூபிலி' என்று ஓர் ஆண்டு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டில் அடிமைப்பட்டவர்கள் விடுதலை பெறுவார்கள். கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். 2025 கத்தோலிக்கர்களுக்கு யூபிலி ஆண்டு. அதை முன்னிட்டுக் கரித்தாஸ் ஸ்தாபனம் 2024 டிசம்பரில் கடன் நீக்கக் கிளர்ச்சியைத் தொடங்கிற்று. இதற்கு முன்பும், 1998 மே 16-ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகரில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து நின்று இதையே கேட்டார்கள். நண்பரோ நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், பழனியாண்டவர் பக்தர். ஆனாலும் காகிதத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நாம் பேனாவை எடுக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாம் கடன் கொடுத்தவரின் வம்சம்.

நம் பாட்டனார் வத்தலக்குண்டில் லேவாதேவி செய்தவர். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் இருந்த குடியானவர்களுக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுப்பார். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முந்திய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1-ல் நிலுவையாக நின்ற வட்டி அத்தனையும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தாலோ கடனே தீர்ந்தது. 1929-க்குப் பின் வந்த மந்தத்தில் விளைபொருள் விலை பாதாளத்துக்கு இறங்கியபோதும், வட்டி மாத்திரம் தேயாத வளர்பிறையாகவே இருந்தது. அதற்காகப் பிறந்த சட்டம் அது.

வீட்டில் இழவு விழுந்தாற்போல் இருந்தது என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டனார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இரவு பேரேட்டை விளக்கடியில் வைத்துக் கணக்குப் பார்த்தார். பதினேழு நோட்டுகளில் பதினொன்றுக்கு அசல் இரண்டு மடங்குக்கு மேலேயே வந்திருந்தது. அந்தப் பதினொன்றையும் சிவப்பு நூலால் கட்டிப் பெட்டியின் அடியில் போட்டார். "வந்துவிட்டது" என்று மாத்திரம் சொன்னாராம். பாட்டியாருக்கு அந்தச் சொல் கடைசி வரையில் சமாதானமாகவில்லை. தம்முடைய காசுமாலை போனது அந்தப் பதினொரு நோட்டுகளால்தான் என்றே எண்ணியிருந்தார். கட்டு இன்னமும் நம் வீட்டில் இருக்கிறது.

நண்பர் வற்புறுத்தவில்லை. "பூம்பாறைக்குப் போய் வரலாம், வாருங்கள்" என்று பஸ் ஏற்றிவிட்டார். படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கீர்த்தியுடையது. ஆயினும் அதைப் பயிரிட்ட ஒருவர் நம்மிடம் சொன்னது வேறு.

"விதைப்பூண்டுக்கும் உரத்துக்கும் கீழே ஒரு மண்டியிலே முன்பணம் வாங்கினேன், ஐயா. பூண்டையும் அங்கேதான் போடணும். விலை அவங்க சொல்றதுதான். வேற மண்டிக்குக் கொண்டுபோறேன்னா, முதல்லே பாக்கியைக் கட்டும்பாங்க."

தேசங்களின் கடனும் பெரும்பாலும் இப்படித்தான். ஜாம்பியாவுக்குப் பூண்டு என்பது செம்பு, எத்தியோப்பியாவுக்குக் காப்பி, இலங்கைக்குத் தேயிலை. சரக்கின் விலையும் பிறர் கையில், வட்டியின் விகிதமும் பிறர் கையில். ஜாம்பியா 2020-லும், இலங்கை 2022-லும், எத்தியோப்பியா 2023-லும் தவணை கட்ட இயலாமல் நின்றன.

இலங்கையைப் பற்றி நாம் பத்திரிகையில் படித்ததைவிட, நண்பர் வீட்டுச் சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் மூதாட்டியிடம் அறிந்ததே அதிகம். 1964-ஆம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பம் அவருடையது. தங்கை ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது.

"நாடு கடன்பட்டுப்போச்சுன்னாங்க. எந்தங்கச்சி யாருகிட்ட ஐயா கடன் வாங்கினா? பேரப்பிள்ளைக்குப் பால்மா வாங்க அவதானே வரிசையில நின்னா?" என்று கேட்டார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

யார் வாங்கிய கடன் என்னும் இதே கேள்வியை 1931-ல் நம் தேசமும் கேட்டது. பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழுவை நியமித்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதில் முக்கியமாக உழைத்தார். 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியை அடக்கிய செலவும், இந்தியாவுக்கு வெளியே நடத்திய யுத்தங்களின் செலவும் நம் பேரில் பற்று எழுதப்பட்டிருந்தன. 1867-ல் லண்டனில் துருக்கி சுல்தானுக்கு அளித்த நடன விருந்தின் செலவைக்கூட இந்தியாவே கொடுத்தது! ஆடினவர் ஒருவர், பில் வந்தது பிறிதொருவருக்கு.

மன்னிப்பே வழக்கமில்லை என்று சொல்லவும் வழியில்லை. 1953 பிப்ரவரி 27-ஆம் தேதி லண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையினால் மேற்கு ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதில் ஒப்பமிட்ட தேசங்களுள் சிலோனும் ஒன்று என்பதை நண்பர் எடுத்துக்காட்டியபோது நமக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்று இந்தியாவும் இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடு. 2023-ல் அமைந்த கடன் கொடுத்தோர் குழுவுக்கு ஜப்பான், பிரான்ஸ் ஆகியவற்றுடன் நம் நாடும் தலைமை வகித்தது. தமிழ்நாட்டிலிருந்து 2022-ல் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் தானம் வேறு, பேரேடு வேறு. தானம் கொடுக்கையில் கை தாராளமாக நீளும்; பேரேட்டைத் திறக்கும்போதுதான் விரல் நடுங்கும். நம் பாட்டியாரைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

"கடனை ரத்துச் செய்தால் பிறகு யார் கொடுப்பார்?" என்று அன்றிரவு நண்பரிடம் வாதித்தோம். வாதிக்கும்போதே விடையும் நினைவுக்கு வந்தது. நம் பாட்டனார் கொடுத்தாரே! புதுக் கடனுக்கு அந்தச் சட்டம் அனுமதித்த 6¼ சதவிகிதத் தனி வட்டிக்கு, அதே பூம்பாறைக்காரர்களுக்கு, கண் பார்வை மங்கும் வரையில் கொடுத்தார். அவர்களும் செலுத்தினார்கள். சந்தேகமெல்லாம் தீர்ந்ததென்று சொல்லமாட்டோம். கடன் பணத்தைக் கபளீகரம் செய்த ஆட்சியாளர்களும் கூடவே தப்பிவிடுவார்களே என்பது இன்னமும் நம் மனசில் முள்ளாக இருக்கிறது. ஆனால் அவர்களில் எவரும் பால்மா வரிசையில் நின்றதாகக் கேள்விப்படவில்லை.

மூன்றாம் நாள், கிளம்புவதற்கு முன், காகிதத்தை நாமே கேட்டு வாங்கினோம். நமக்கு மேல் வரியில் வட்ட வட்டமான தமிழ் எழுத்தில் அந்த மூதாட்டி கையெழுத்திட்டிருந்தார். விலாசம் என்ற இடத்தில் இரண்டு ஊர்களை எழுதியிருந்தார்: கோடைக்கானல், ஹட்டன். அதற்குக் கீழே வத்தலக்குண்டு என்று எழுதி நாமும் கையெழுத்திட்டோம்.