பாட்டா கேட்ட அளவு

தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு. பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப், அவள் கல்யாணமாகிப் போனதும் தம்பி கைக்கு வந்தது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் ஆமையாய் நகர்ந்ததால், பாலிடெக்னிக் படிக்கும் தம்பி லினக்ஸ் ஏற்றினான். வேகம் வந்தது, வைஃபை போனது.

அங்கேதான் சிக்கல். குவைத்தில் வேலை பார்க்கும் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவார். பாட்டாவுக்குப் பார்வை மங்கல். செல்போனில் மகன் முகம் பிடிபடாது. லேப்டாப் திரைதான் கதி.

லினக்ஸின் இதயம் கெர்னல். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. வைஃபை போன்றவற்றை இயக்கும் மாட்யூல்கள் பெரும்பாலும் அதனுடனேயே வரும். வராததை நாமே கம்பைல் செய்து சேர்க்க வேண்டும்.

போனை கேபிளில் இணைத்து நெட் எடுத்தான். ஒரு வீடியோவில் சொன்னபடியே பில்ட் எசென்ஷியல், கெர்னல் ஹெட்டர்ஸ் எல்லாம் போட்டான். ‘மேக்’ என்று அடித்தால், பில்ட் ஃபோல்டரே இல்லை என்றது. மூன்று ராத்திரி இப்படியே போனது.

“என்ன மக்களே, தூங்கலியா?” என்றார் பாட்டா. காலமெல்லாம் தச்சு வேலை செய்தவர்.

“ஹெட்டர்ஸ்னா கெர்னலோட அளவுக் குறிப்பு மாதிரி பாட்டா. அத வச்சுதான் மாட்யூல் செய்யணும். பொருந்த மாட்டேங்குது.”

“யாரு வீட்டு நிலையில எடுத்த அளவு? நம்ம நிலைய அளந்தியா?”

அவன் விழித்தான். ‘யூநேம் ஆர்’ என்று அடித்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் எண் வேறு. வீடியோவைப் பார்த்துப் போட்ட ஹெட்டர்ஸின் எண் வேறு! சரியான எண்ணுக்குப் போட்டதும் ‘மேக்’ பிழையின்றி முடிந்தது. மாட்யூலை ஏற்றினான். வைஃபை பட்டியல் விரிந்தது.

அடுத்த வாரமே அப்டேட் வந்து கெர்னல் மாறியது. வைஃபை மறுபடி போனது.

“மழைக்கு நிலை ஊதினா கதவத் திரும்பச் சீவத்தான் வேணும்” என்றார் பாட்டா.

ஒவ்வொரு முறையும் கையால் சீவ வேண்டாமென்று, ‘டிகேஎம்எஸ்’ போட்டு வைத்தான். கெர்னல் மாறும்போது, அதற்குரிய ஹெட்டர்ஸ் இருந்தால், அதுவே மாட்யூலைப் புதிதாகச் செய்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி. திரை முழுக்க அப்பா முகம். பாட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு, கிட்டத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“மெலிஞ்சு போயிட்டியே, மக்கா” என்றார்.