கேத்தரின் எழுதி வைத்த பக்குவம்

இரண்டு முறை கணவனை இழந்த பெண், பிள்ளைகளையும் நிலத்தையும் எப்படிக் காப்பாற்றுவார்? அமெரிக்காவின் கென்டக்கியில் வாழ்ந்த கேத்தரின் கார்ப்பென்டர் விஸ்கி காய்ச்சினார்.

அப்போது கென்டக்கி தனி மாநிலம்கூட இல்லை. வர்ஜீனியாவின் மேற்கு எல்லை அது. பூர்வகுடிகளின் வேட்டைக் காடுகளில் குடியேறிகள் மரக்கோட்டை கட்டி, பயத்தோடு வாழ்ந்த காலம். 1782 ஆகஸ்ட் 19 அன்று ப்ளூ லிக்ஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷாரும் பூர்வகுடியினரும் சேர்ந்து குடியேறிகளின் படையைத் தோற்கடித்தார்கள். சுமார் 70 பேர் மாண்டார்கள். கேத்தரினின் கணவர் ஜான் ஃப்ரையும் அதில் ஒருவர். பிறகு அவர் ஆடம் கார்ப்பென்டரை மணந்தார். 1806-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்த மண்ணில் மக்காச்சோளம் அமோகமாக விளைந்தது. விற்கத்தான் வழியில்லை. கிழக்கே சந்தைக்குப் போக அப்பலாச்சியன் மலையைத் தாண்ட வேண்டும். ஒரு குதிரை 4 புஷல் தானியம்தான் சுமக்கும். விஸ்கியாக்கி ஏற்றினால் 24 புஷல் தானியத்தின் விலையைச் சுமக்கும் என்று அன்றைய விவசாயிகள் கணக்குப் போட்டார்கள். தானியம் மக்கிப்போகும், விஸ்கி கெடாது. காசு புழங்காத ஊரில் கூலியும் கடனும் அதிலேயே தீர்ந்தன. எல்லைப்புறத்தில் விஸ்கி போதைக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும்தான்.

இரண்டாம் கணவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1818-ல், கேத்தரினின் விஸ்கிப் பக்குவம் தாளில் ஏறியது. முந்தைய முறை காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் ஊறல் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க எடுத்து, மக்காச்சோள மாவில் ஊற்றிக் கிளற வேண்டும். ஐந்தாம் நாள் ரை மாவும், முளைகட்டி அரைத்த தானியமும் சேர வேண்டும்.

மோருக்கு உறை ஊற்றுவது போலத் தோன்றும். ஆனால், உறையில் உயிர் இருக்கிறது. கொதித்த தண்ணீரில் நுண்ணுயிர் செத்துவிடும். வேலை செய்வது அதன் புளிப்பு. வேண்டாத கிருமிகளை அடக்கி, ஈஸ்ட் நன்றாக வளர அது வழிவிடுகிறது. அதனால், ஒவ்வொரு முறையும் சரக்கு ஒரே தரத்தில் இருக்கும். தானியம் வீணானால் குடும்பமே தள்ளாடும் என்ற நிலையில் இருந்தவருக்கு அது பெரிய விஷயம்.

'சவர் மேஷ்' எனப்படும் இந்த முறையின் பெருமை, நெடுங்காலம் ஜேம்ஸ் குரோ என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கே போனது. அவர் கருவிகள் வைத்து அளந்து, அதை ஒழுங்குபடுத்தியது உண்மை. ஆனால், அவர் கென்டக்கியில் அடி வைத்தது 1820-களில்! கேத்தரின்தான் கண்டுபிடித்தார் என்று அந்தத் தாள் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது என்று சொல்கிறது.

அந்தத் தாள் இன்று கென்டக்கி வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் பெரும்பாலும் அவர்களோடே போய்விடும். கேத்தரினுடையது தப்பிவிட்டது.