கண்டம் தாண்டும் தாளம்

சென்னையில் சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கம் வாத்தியக் கலைஞர்கள் பலருடைய வீட்டில் ஒரு படுக்கையறை பதிவறையாகவும் இருக்கிறது. நான் போய்ப் பார்த்த அறைகளில், ஒலித்தடுப்புக்கென்று தனியாகச் சுவர் எழுப்பியவை மிகக் குறைவு. துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்தே எதிரொலியைக் குறைத்துக்கொள்கிறார்கள். மைக்கை ஆன் செய்யுமுன் மின்விசிறியும் ஏசியும் நிற்கின்றன. சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மிருதங்கம் வாசிப்பதே பெரும்பாடு. பக்கத்து வீட்டு மிக்சியும் தெருவின் ஹாரன் சத்தமும் ஓய்ந்த பிறகு, இரவு பத்தரைக்கு மேல்தான் வேலை சூடு பிடிக்கும். வாசிக்கும் பாட்டு டொராண்டோவிலிருந்து வந்ததென்றால், கோடை காலத்தில் அங்கே அது பிற்பகல் ஒரு மணி. பாட்டுக்கு மெட்டுப் போட்ட நண்பர் அங்கே அலுவலகத்தில் இருப்பார். அவர் வீடு திரும்பி, அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள அடித்தள அறையில் ஹெட்ஃபோனை மாட்டும்போது இங்கே விடிந்திருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் கருவியோடு உட்காருவது அபூர்வம். இதை ஒரு குறை என்றும், பணமும் விசாவும் இல்லாதவர்களின் சமரசம் என்றும் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முறைவைத்துக் கேட்பதும், கேட்டபின் வாசிப்பதும், வாசித்ததை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும்தான் இந்தத் தொழிலின் உயிர். நேரலைச் சேர்க்கையின் நகலாக இதை நடத்தும்போதெல்லாம் பாட்டு கெட்டுப்போகிறது.

நேரலை ஏன் கூடாது என்பதற்கு இயற்பியலே பதில் சொல்கிறது. காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையில் பத்து மீட்டர் தள்ளி இருப்பவரின் ஓசை நம் காதுக்கு வந்துசேர ஏறக்குறைய 30 மில்லிநொடி ஆகிறது. தாளம் இழுக்காமல் சேர்ந்து வாசிப்பதற்கு எல்லை ஏறத்தாழ அதுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் கடலடியில் வளைந்து போவதையும் கணினி எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்க்காமலே ஒரு வழிக்கு 65 மில்லிநொடி போய்விடும். எவ்வளவு விலை கொடுத்து வேகமான இணைப்பு வாங்கினாலும் இது குறையாது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் பக்கத்து ஊர்களுக்குள் சேர்ந்து வாசிக்க உதவும். கண்டங்களுக்கு நடுவே அவற்றாலும் முடியாது. 2005இல் வந்த நின்ஜாம் என்ற மென்பொருள் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. தாமதத்தைக் குறைக்கப் போராடாமல், அதை ஒரு முழுச் சுற்றாக நீட்டிவிட்டது. மற்றவர் போன சுற்றில் வாசித்ததைக் கேட்டபடி நாம் இந்தச் சுற்றை வாசிக்கிறோம். நம் கணக்கில் சொன்னால், ஓர் ஆவர்த்தனம் தள்ளி நண்பரைக் கேட்பது. கோப்பு அனுப்பி வேலை செய்பவர்கள் இதே தாமதத்தை ஓர் இரவாக, சில சமயம் ஒரு வாரமாக நீட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு மிருதங்கக் கலைஞரின் வேலையில் பார்க்கலாம். டொராண்டோவிலிருந்து வந்த கோப்புகளில் குரல் ஒன்று, வேகத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் ஒன்று, குரலும் கீபோர்டும் கலந்த கைடு டிராக் ஒன்று. அவர் முதலில் கிளிக்கைத் தொடுவதில்லை. குரலை மட்டும் ஓட்டி, தொடையில் ஆதி தாளம் போட்டபடி முழுப்பாட்டையும் கேட்கிறார். பல்லவியின் இரண்டாம் சங்கதியில் பாடகி அரை இடம் தள்ளி எடுக்கிறாரா, சரணத்தின் முடிவில் எவ்வளவு கார்வை விடுகிறார் என்பதெல்லாம் நோட்டில் நிமிடக் கணக்கோடு ஏறுகின்றன. பிறகுதான் கிளிக். காலப்பிரமாணம் எங்கே குரலில் இயல்பாக முன்னேறுகிறது, எங்கே கிளிக் அதைப் பிடித்து இழுக்கிறது என்று ஒப்பிடுகிறார். ஹெட்ஃபோனில் ஒரு காதைத் திறந்து விட்டு முதல் டேக் வாசிக்கிறார்; அதை வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது டேக்கில் சரணத்துக்கு முன் ஒரு சிறு தீர்மானம் (பகுதியை முடித்துவைக்கும் சொற்கட்டு) வந்து விழுகிறது, அதை அனுப்புகிறார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து வரும் பதில் இந்த மாதிரி இருக்கும்: “மச்சான், உன்ரை தீர்மானத்துக்கு ஏத்த மாதிரி சரணத்தை இன்னொருக்கால் பாடியிருக்கிறம், கேட்டுப் பார்.” தீர்மானம் குரலைத் திருப்பிப் பாட வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் உரையாடல்தான். பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு நாள் இருப்பதால் அது உரையாடல் இல்லை என்றாகிவிடாது.

கேட்பதற்குக் கொடுக்கும் இந்த மரியாதை, கோப்புகளை ஒழுங்காகக் கொடுப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஒருவர் 48,000 சாம்பிள் வேகத்தில் பதிந்த வயலினை மற்றவர் கவனிக்காமல் 44,100 வேகத்தில் ஓட்டினால் நீளம் ஒன்பது சதவீதம் போலக் கூடிவிடும்; சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். நல்ல கலைஞரின் வாசிப்பு ஒரே ஒரு எண்ணால் பாழாகிறது. வாட்ஸப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். எம்பி3யாக மாற்றினால் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொண்டு தாளத்தைத் தள்ளிவிடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் வேவ் கோப்பாக, வாசிப்பு எங்கே தொடங்கினாலும் பூஜ்யத்திலிருந்தே ஏற்றுமதி செய்கிறார்கள். ஐந்து நிமிட மோனோ டிராக் 48,000 வேகத்தில், 24 பிட்டில் 43 எம்பி வரும். தம்புரா ஆப்பின் ஓசை ஹெட்ஃபோனிலிருந்து மைக்குக்குள் கசியாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி. ஸ்டுடியோவில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளப் பொறியாளர் இருந்தார். வீட்டில் அந்த வேலை கலைஞரின் தலையில் சம்பளமில்லாமல் ஏறியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வழி இணையத்தோடு பிறந்ததும் அல்ல. 1979இல் டாஸ்காம் நிறுவனம் கேசட்டில் நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபோதே வீட்டில் அடுக்கடுக்காகப் பதிவது சாதாரணக் கலைஞரின் கைக்கு எட்டிவிட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த பென் கிப்பர்டும் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஜிம்மி டாம்பரெல்லோவும் தாளமும் கீபோர்டும் கொண்ட பதிவுகளைத் தபாலில் அனுப்பிப் பாட்டுக் கட்டினார்கள். குழுவுக்குத் தி போஸ்டல் சர்வீஸ் என்றே பெயர் வைத்தார்கள். 2003இல் வந்த ‘கிவ் அப்’ என்ற அந்த ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அடுத்த ஆண்டில், வட கரோலினாவின் ராப் பாடகர் ஃபோன்டேயும் நெதர்லாந்தின் நிக்கோலேயும் தி ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள்; அதை முடிக்கும் வரை இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஒருவரையொருவர் காணாமல் செய்த வேலை என்பது அந்தப் பாட்டுகளில் எந்த இடத்திலும் வெறுமையாகக் கேட்பதில்லை.

கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். அது கனமான மறுப்பு. மேடையில் பாடகர் கல்யாணியில் ஒரு பிடியைப் பாடி நிறுத்தும்போது வயலின் அதை நிழலாகத் தொடர்கிறது. அடுத்து என்ன வரும் என்று இருவருக்கும் தெரியாது. பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு வாசிப்பவருக்கு அந்தத் தெரியாமை இல்லை. பாடகரின் கண்ணைப் பார்த்து மிருதங்கக்காரர் கோர்வைக்குத் தயாராவதும், அவர் வாசித்ததைக் கேட்டுப் பாடகர் அங்கேயே கணக்கை மாற்றுவதும் கோப்பில் நடக்காது. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். நிரவலும் கற்பனைஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் இந்த முறைக்கு உரியவை அல்ல. அவற்றை வெட்டி ஒட்டிக் கச்சேரி என்று வெளியிடுவது கேட்பவரை ஏமாற்றுவது. ஆனால் புதிதாக எழுதி மெட்டமைக்கும் பாட்டு வேறு வகை. அதில் ஆச்சரியம் அந்தக் கணத்தில் பிறப்பதில்லை. யோசித்து, அழித்து, மறுபடி எழுதித்தான் பிறக்கிறது. அந்தப் பாட்டுக்குத் தூரம் எதிரி இல்லை. இன்னொன்று: பல டிராக் பதிவு வந்த நாள்முதல், ஒரே ஊரில் இருந்த பின்னணிப் பாடகர்களே காதல் டூயட்டை வெவ்வேறு நாளில் தனித்தனியாகப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளை இரண்டு மூன்று தலைமுறை உருகிக் கேட்டிருக்கிறது. பிரிந்திருந்து பாடியதால் உணர்ச்சி வராது என்றால், நாம் நேசிக்கும் திரைப்பாடல்களில் பலவற்றை ஒதுக்கிவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு மறுப்பு, முடிவே இல்லாத திருத்தம். வாடகை மீட்டர் ஓடாத அறையில் நாற்பது டேக் எடுக்கலாம், எடுத்துக்கொண்டே இருக்கலாம். இந்த நோய் உண்மைதான். இதற்கு நான் பார்த்த ஒரே மருந்து, ஆளுக்கு இரண்டு முறை மட்டுமே திருப்பி அனுப்புவது என்று நண்பர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்வது. அப்படிப் பேசிக்கொண்டவர்களின் பாட்டுகள் வெளிவருகின்றன. மற்றவர்களுடையவை ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன.

என்னை உறுத்துவது இவை இரண்டும் அல்ல, பெயர். யூடியூபில் ஏறும் பாட்டுக்குக் கீழே மெட்டமைத்தவர் பெயரும் பாடியவர் பெயரும் இருக்கும். மிருதங்கமும் புல்லாங்குழலும் வாசித்தவர் பெயர் பல நேரம் இருக்காது. கூட்டமாக வாசித்த காலத்திலாவது யார் எதை வாசித்தார் என்று பிரித்துச் சொல்வது கடினமாக இருந்தது. இங்கே ஒவ்வொருவர் உழைப்பும் தனிக் கோப்பாக, தேதியோடு, அவரவர் பெயரிலேயே வந்து சேர்கிறது. விட்டுப்போவதற்கு இங்கே சாக்கே கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் மட்டுமல்லாமல், பாடி வாசித்த கலைஞருக்கும் வணிகப் பயன்பாட்டு ராயல்டியில் உரிமை கொடுத்திருக்கிறது. நண்பர்களுக்குள் இதையெல்லாம் எழுதிவைப்பது எதற்கு என்று கேட்பவர்கள், பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு முறிந்துபோன நட்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை கடல் கடந்த நண்பருக்குக் கைடு டிராக் அனுப்பும்போது சுருதி, டெம்போ, சாம்பிள் வேகம் மூன்றையும் எழுதுகிறீர்கள் அல்லவா? அதே குறிப்பில் நான்காவது வரியாக, யாருக்கு எந்தப் பெயர், எவ்வளவு பங்கு என்பதையும் எழுதி அனுப்புங்கள்.