மாரியில் ஒரு பிறந்தநாள்

என் மகளின் பிறந்தநாள் மார்கழி 14. முல்லைத்தீவுப் பக்கத்தில் வாழும் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஐப்பசியில் தொடங்கிய மழை அந்த நாட்களிலும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்கும். கிணறு கட்டுமட்டும் நிரம்பி நிற்கும். விறகு நனைந்திருக்கும். கையில் காசும் இருக்காது. விதைத்த நெல் வயலில் நிற்கிறது, அறுவடைக்குத் தை, மாசி வரவேண்டும். வாடைக்காற்றுக்குக் கடல் இரைவதால் தொழிலுக்குப் போகிறவர்களும் கரையில் தான். மழைக்குள் கூலி வேலைக்கும் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். பிறந்தநாள் கொண்டாடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத மாதம் வருடத்தில் இல்லை. ஆனால் பிள்ளை பிறக்கும் நாளை நாங்களா தெரிவு செய்கிறோம்?

2024இல் அவளுக்குப் பத்து வயது. அதுவரையில் அவளுடைய பிறந்தநாள் என்றால் காலையில் கோயில், மத்தியானம் பாயாசம், அவ்வளவுதான். அந்த வருடம் ஆவணியில் கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போய் வந்தாள். வந்து இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, எனக்கும் ஒருக்கா கேக் வெட்டுவமோ? பெரிசா வேண்டாம். எட்டுப் பேர் காணும்."

எட்டுப் பேரையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

என் கணவருக்கு யுத்தத்தில் ஒரு கால் போய்விட்டது. சந்தியில் சைக்கிள் திருத்துகிறார். மாரியில் அதுவும் குறைவு. நான் கோழி வளர்த்து முட்டை விற்கிறேன். ஆவணியில் இருந்து மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று ஒரு பால்மா ரின்னில் போட்டு வந்தேன். மார்கழி பிறந்தபோது 6,000 ரூபா சேர்ந்திருந்தது. கொப்பி ஒன்றில் கணக்கு எழுதினேன். அந்த நேரம் தேங்காய் ஒன்று 180, 200 என்று விற்றது. நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டிருந்தது, கடையிலோ அரிசியைக் காணவில்லை. பேக்கரியில் ஐசிங் கேக் கேட்டுப் பார்த்துவிட்டு அந்த வரியை வெட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனுசி. எனக்காகவே சொன்னா. "ஏன் தங்கச்சி கஷ்டப்படுகிறாய்? லோன் குடுக்கிறவை செவ்வாய்க்கிழமை வருவினம். ஒரு இருபது எடு. கிழமைக்குக் கிழமை கட்டலாம்."

அந்தக் கிழமைக் காசின் கதை எனக்குத் தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன் நிலுவைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது எங்கள் மாவட்டமும் அதில் இருந்தது. அதற்கு முந்திய வருடங்களில் கடன்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வீட்டுக்குப் பின்னால் போய் நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. கேக்குக்காக அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க நான் தயாரில்லை. வேண்டாமக்கா என்றேன். அவவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

கேக் வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தேன். மா, சீனி, மாஜரின் ஒவ்வொன்றும் 250 கிராம், ஐந்து முட்டை. முட்டை என் கோழிகள் தரும் என்று நம்பினேன். ஆனால் மழைக் குளிருக்குள் கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன! கடைசியில் முட்டை விற்கும் நானே கடையில் முட்டை வாங்கினேன். எங்களிடம் அவண் இல்லை. பெரிய சட்டியில் மணல் போட்டுச் சூடாக்கி, அதற்குள் கேக் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலும் தணல் போடவேண்டும். நனைந்த விறகு புகைக்கும், கேக்கில் புகை மணக்கும். ஆகவே கார்த்திகை தொடக்கத்திலிருந்தே சிரட்டைகளைச் சாக்கில் கட்டி அடுப்புக்கு மேல் பரணில் வைத்துக் காப்பாற்றினேன். சிரட்டைத் தணல் புகையாது, சூடும் நின்று பிடிக்கும். முறுக்கு சுடலாம் என்று மகள் சொன்னாள். அந்த ஈரக்காற்றில் முறுக்கு அரை மணித்தியாலம் தாங்காது. அவித்த கடலையில் தேங்காய்ச் சொட்டுப் போட்டுச் சுடச்சுடக் கொடுப்போம் என்றேன். குளிர்பானமும் வேண்டாம், இஞ்சி போட்ட தேநீர் போதும். அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் இறந்த செய்தி வந்துகொண்டிருந்தது. பிறர் பிள்ளைகள் வெள்ளத்துக்குள் காலை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதை நினைக்கவும் பயமாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில், பிறகு பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டிப் போனது. எங்கள் ஒழுங்கையின் மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. அது வடிந்து முடியுமுன் மார்கழி பத்தாம் திகதியளவில் அடுத்த மழை பிடித்தது. பன்னிரண்டாம் திகதி இரவு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள்.

"பரவாயில்லை அம்மா. மழை விட்டாப் பிறகு செய்வம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கைகால் விறைத்துவிட்டது.

இவளுக்கு முன் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். அவனும் மார்கழிப் பிள்ளை. 2003இல், சமாதான காலத்தில் பிறந்தவன். 2008 மார்கழியில் ஐந்து வயது நிரம்பியபோது நாங்கள் இடம்பெயர்ந்து தருமபுரத்தில் ஒரு மரத்தடியில் தறப்பாளின் கீழ் இருந்தோம். நிஷா புயலின் வெள்ளம் வற்றி இரண்டு கிழமைதான். அவன் கேக் கேட்டான். ஒரு சுண்டு மாவும் கொஞ்சச் சீனியும் என்னிடம் இருந்தன. ஒரு ரொட்டியாவது சீனி போட்டுச் சுட்டிருக்கலாம். அடுப்பு மூட்ட இடமில்லாமல், அலுப்பிலும் எரிச்சலிலும், "மழை விட்டாப் பிறகு செய்வம் குஞ்சு" என்று சொன்னேன். மழை விட்டது. தை பிறக்கக் கிளிநொச்சியும் போய், நாங்கள் திரும்பவும் ஓடத் தொடங்கினோம். பங்குனியில் மாத்தளனில் அவனை இழந்தோம். அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் மிஞ்சவில்லை.

இதை நான் மகளுக்குச் சொன்னதில்லை. அண்ணா ஒருவன் இருந்தான் என்று தெரியும், கேக் கதை தெரியாது. அன்று இரவும் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் பிறந்தநாளில் அதை ஏன் ஏற்றவேண்டும்? "இல்லைப் பிள்ளை, சனிக்கிழமையே செய்வம். மழை பெய்தாலும் செய்வம்" என்று மட்டும் சொன்னேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது.

விடிந்ததும் இவர் ஊன்றுகோலோடு மச்சான் வீட்டுக்குப் போய் லான்ட்மாஸ்டர் பேசிவிட்டு வந்தார். பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் ஏற்றி, மதகைக் கடந்து கொண்டுவந்து, இருட்டுமுன் திரும்பக் கொண்டுபோய் விடுவது. ஆகவே நேரம் பின்னேரம் இரண்டரை மணி என்று வைத்தோம். எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவுக்குக் கட்டியது. முன் விறாந்தையில் எட்டுப் பிள்ளைகளை இருத்தினால் சாரல் அடிக்கும். அதற்கு மறைப்பாகக் கட்ட அக்கா ஒரு நீலத் தறப்பாள் கொண்டுவந்தா. எனக்கோ தறப்பாளைக் கண்டாலே ஆகாது. மழை அதில் விழும் சத்தத்தோடு தருமபுரமும் வரும், 2009 ஆவணியில் வெள்ளம் புகுந்த மெனிக்பாம் கூடாரமும் வரும். வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகளும் அக்காவின் பெடியனும் கயிற்றை எடுத்து ஒரு மூலையைக் கட்டிவிட்டார்கள். அதன் ஓரத்தில் பலூனும் தொங்கியது. லோனை மறுத்த வருத்தம் அக்காவுக்கு இன்னும் இருக்கலாம் என்றும் யோசித்தேன். மற்ற மூலையை நான் பிடித்துக் கட்டினேன்.

எட்டுப் பேரில் ஏழு பேர் வந்தார்கள். லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் குடை பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி வந்தார்கள். ஒரு பிள்ளையின் ஒழுங்கைக்குள் வண்டி போகமுடியவில்லை. கேக்கின் ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது, அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். மகள் கத்தியை வைக்கும் நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. தறப்பாளின் சத்தத்தில் பிள்ளைகள் பாடியது கேட்கவில்லை. அவர்கள் இன்னும் உரக்கக் கத்திப் பாடினார்கள். நான் குசினிக்குள் போய்த் தேநீரை ஊற்றினேன். ஊற்றி முடிய நேரமெடுத்தது.

வராத பிள்ளைக்கு ஒரு துண்டைச் சுற்றி மச்சானிடம் கொடுத்துவிட்டாள். இன்னொரு துண்டை மகள் ஒரு தட்டில் வைத்து மூடி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

"இது ஆருக்குப் பிள்ளை?"

"அண்ணாவுக்கு. அவருக்கும் இந்த மாசம்தானேம்மா."

ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இவர் சைக்கிள் ரியூப் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

கொப்பியில் கடைசிக் கணக்கு 6,640 ரூபா. மேலதிகமான 640 கடையில் பாக்கி நின்றது, அறுவடை முடியத் தருவதாகச் சொன்னேன். தறப்பாளைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க ஒரு கிழமைக்கு வெயில் வரவில்லை.