செருப்பு கடித்த ஞாயிறு

தேக்காவுக்கு எனக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. ஞாயிறு காலை அம்மாவோடு ஈசூனிலிருந்து ரயிலேறி வந்து, சந்தையில் ஆட்டிறைச்சியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பிவிடுவோம். "அப்புறம் ஊர்க்காரங்க கூட்டம் வந்துரும், சீக்கிரம் வா" என்பார் அம்மா. பதினெட்டு வருடம் இப்படித்தான். அந்தக் கூட்டத்தில் ஒருவரோடும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச வைத்தது கல்லூரிப் பாடம். யேல்-என்யுஎஸ் கல்லூரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் நிறுவப்பட்டு, 2013-இல் 157 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. அங்கே முதலாண்டின் ஏழாவது வாரத்தில் வழக்கமான வகுப்புகள் இருந்ததில்லை. மாணவர்கள் ஆசிரியர்களோடு வெளியே கிளம்பிவிடுவார்கள், சிலர் வெளிநாட்டுக்கே. மூடப்போகிறோம் என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025-இல் கடைசி அணி பட்டம் வாங்கியது. நான் படித்தது அங்கே இல்லை. ஆனாலும் அனுபவத்தின் வழியே கற்பது என்ற அதே யோசனை எங்கள் பாடம் ஒன்றிலும் சின்னதாக இருந்தது: லிட்டில் இந்தியாவில் நான்கு ஞாயிறுகள், முடிவில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை.

குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையும், அதையொட்டி வெடித்த கலவரத்தையும் எல்லோரும் படித்துவிட்டு வந்திருந்தோம். அதனாலோ என்னவோ, எங்கள் கேள்விகள் எல்லாமே துயரத்தைச் சுற்றித்தான் இருந்தன. கடன் எவ்வளவு, பிள்ளையைப் பார்த்து எத்தனை வருடம், தூக்கம் வருகிறதா.

புல்வெளியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன் பொறுமையாகப் பதில் சொன்னார். முதுகுளத்தூர்ப் பக்கம். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. நான்கு ஞாயிறும் அவரிடமே போனேன். கட்டுரை நன்றாக வந்தது, மதிப்பெண்ணும் சுளையாகக் கிடைத்தது. நன்றி சொல்லலாமென்று ஐந்தாவது ஞாயிறும் போனேன். பாடத்துக்கு அது தேவையில்லை.

"என்ன எழுதுனீங்க? வாசிங்க, கேப்போம்" என்றார்.

கைபேசியில் கட்டுரையைத் திறந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் வழவழவென்று ஓடிய வாக்கியம் தமிழில் நிற்கவே மறுத்தது. பத்து வருடம் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவள்தான். திருக்குறள் ஒப்பித்துப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். திக்கித் திணறி, "நிச்சயமில்லாத வாழ்க்கைன்னு எழுதியிருக்கேன்ணே" என்றேன்.

"அதெப்படி? மாசாமாசம் அஞ்சாம் தேதி வட்டி கட்டணும். அது நிச்சயந்தானே?"

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அசடு வழிய. அடுத்து, நான் மிகவும் ரசித்து எழுதிய பத்தி. சுற்றிலும் கூட்டம் இரைய அவர் மட்டும் புல்லில் உட்கார்ந்து, தொலைவில் எங்கோ பார்த்தபடி ஊரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று.

"அன்னைக்கா? புதுச் செருப்பு தங்கச்சி. கடிச்சிருச்சு. நடக்க முடியல, அதான் உக்காந்தேன்."

அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ஆசிரியர் 'அருமையான அவதானிப்பு' என்று குறித்திருந்தார். அதை அவரிடம் சொல்லவில்லை.

முழுவதும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எல்லாம் சரி. சாரத்தைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே நீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கல்வியியல் வாசிப்பில் 'ஸ்காஃபோல்டிங்' என்ற சொல்லை மஞ்சள் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தேன். கற்பவர் தானே செய்யும்வரை ஆசிரியர் கொடுக்கும் தற்காலிகத் துணைக்கு அந்தப் பெயர். வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தினமும் அதைத்தான் கட்டுகிறார் என்பது நான்கு ஞாயிறும் எனக்கு உறைக்கவில்லை.

"சொல்லுங்கண்ணே" என்றேன்.

சொன்னார். கைகளாலேயே காற்றில் கட்டினார். அடித்தட்டு மட்டமாக உட்காராவிட்டால் மேலே போகப்போக எப்படிச் சாயும், குறுக்குக் கம்பியை எங்கே மாட்ட வேண்டும், மழை பெய்து விட்டதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும். "புதுசா வர்ற பயல எடுத்த எடுப்புல மேல ஏத்த மாட்டோம். கீழ நின்னு சாமான் எடுத்துக் குடுக்கணும். எந்தப் பைப் எங்க போகுதுன்னு அண்ணாந்து பாத்துப் பாத்துத்தான் அவனுக்குப் பிடிபடும். கேள்வி கேட்டா மேல இருக்கவன் பதில் சொல்லுவான். வேலை ஓடும்போது கேட்டா திட்டுவான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான்கு வாரமும் பார்த்ததில்லை. என் கேள்விகளில் அதற்கு இடமிருக்கவில்லை.

இருட்டியதும் பேருந்து பிடிக்க எழுந்தார். போகும்போது, "அந்தக் கட்டுரையைத் தமிழ்ல பேசி ஆடியோவா அனுப்புங்க. வீட்டுல கேக்கட்டும். செருப்பு விசயத்தை மட்டும் திருத்திருங்க" என்றார்.

அன்றிரவு மூன்று முறை பதிவு செய்தேன். மூன்றும் செய்தி வாசிப்பது போலவே இருந்தன. நான்காவது முறை அம்மாவை எதிரே உட்காரவைத்து, அவரிடம் சொல்வது போலச் சொன்னேன். பாதியில் அம்மா, "யாருடி அந்த ஆளு? எந்த ஊராம்?" என்று கேட்டார். அதுவும் பதிவாகிவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.