பென் டிரைவில் இருந்த செட்டப்

ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அகலம். நாற்காலியில் மிருதங்க வாத்தியார். எதிரே சர்வீஸ் பையன், அவன் முன்னால் அவருடைய லேப்டாப். சார்ஜர் வாங்க வந்த நான் ஓரமாக நிற்கிறேன்.

திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி எழும்புகிறது: கணினியில் வைரஸாம், உடனே சுத்தம் செய்ய வேண்டுமாம். பையன் மூடுகிறான். அதே இடத்தில் பரிசு விழுந்ததாக இன்னொன்று.

"பிளேயரைத் தூக்கிட்டு மறுபடி மறுபடி போட்டுப் பாத்துட்டேன் தம்பி. பசங்களுக்குத் தனியாவர்த்தனம் போட்டுக் காட்டினா நடுவுல வந்து நிக்குது."

"எதுலேர்ந்து சார் போட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் வெளியே வருகிறது. "2022-ல ஒரு ஸ்டூடன்ட் குடுத்தான். அப்ப அந்த சைட்டே திறக்கல."

உண்மைதான். விஎல்சி பிளேயரைத் தரும் விடியோலேன் அமைப்பின் தளம் அந்த ஆண்டு இந்தியாவில் பல மாதம் முடங்கிக் கிடந்து, நவம்பரில்தான் திறந்தது. பாரிஸில் பொறியியல் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலை அது. இன்றும் காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. அதன் ஆரஞ்சுக் கூம்புச் சின்னத்தை மேலே ஒட்டி வேறு சரக்கை உள்ளே அனுப்புகிறவர்கள், கொடுத்தவர்களின் நல்ல பெயரையே திருடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

பையன் புரோகிராம் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குகிறான். பிளேயர் ஏறிய அதே தேதியில் பேர் தெரியாத இரண்டு.

"பிளேயரை மட்டும் எடுத்தீங்க சார். கூட வந்ததை விட்டுட்டீங்க."

மூன்றையும் எடுக்கிறான். ஸ்டார்ட்அப்பில் பதுங்கியிருந்ததை நிறுத்துகிறான். பிரௌசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கிவைத்திருந்த அறியாத தளங்களை ஒவ்வொன்றாக நீக்குகிறான். ரீஸ்டார்ட். மூலையில் எதுவும் எழவில்லை.

விடியோலேன் தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தட்டுகிறான். இறங்கிய ஃபைலை உடனே திறக்கவில்லை. ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சரைக் காட்டுகிறான். "இங்க விடியோலேன்னு பேர் இருக்கணும். இல்லேன்னா தொடாதீங்க." வாத்தியார் சொற்கட்டு எழுதும் நோட்டிலேயே அதைக் குறித்துக்கொள்கிறார்.

புதிய பிளேயரில் பழைய கச்சேரி ஓடுகிறது. கோர்வை வந்ததும் அவர் விரல் சதுர அடைப்புக்குறிப் பொத்தானுக்குப் போகிறது. அழுத்த அழுத்த வேகம் குறைந்து, கலந்து கேட்ட சொற்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. "இதுக்குத்தான் தம்பி இது வேணும். அந்த வேகத்துல பசங்களுக்குக் கை புரியாது." அவர் தொடையில் தாளம் விழ, பையனும் திரையை விட்டு அந்தக் கையைப் பார்க்கிறான்.

பிறகு பென் டிரைவைச் செருகுகிறான். "இந்த செட்டப்பை அழிச்சிடவா சார்? இது இருக்கிற வரைக்கும் எத்தனை தடவை போட்டாலும் அதுங்களும் சேர்ந்துதான் வரும்."

"அழிச்சிடு." சொன்னவர் சட்டென்று நிமிர்கிறார். "இதைத்தானே பசங்களுக்கெல்லாம் காப்பி பண்ணிக் குடுத்தேன்!"

போனை எடுத்து முதல் எண்ணை அழுத்துகிறார். "டேய், நான் குடுத்த பிளேயரைப் போட்டியா? நோட்டை எடு, சொல்றதை எழுதிக்கோ."